கேரவன் கூரையில் கயாக்: செட்டிநாட்டிலிருந்து கடற்கரை வரை பத்திரமாகக் கொண்டுபோக முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டில் கண்மாய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் வைகாசி வந்தால் பல கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும். நிறைந்திருக்கும் மாதங்களிலும் மீன்பாசிக் குத்தகை, பாசனம், படித்துறை என்று ஊருக்கு ஊர் ஒரு நடைமுறை உண்டு. எனவே கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) வைத்திருப்பவருக்கு நம்பிப் போகக்கூடிய தண்ணீர் கிழக்கேதான். தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி, அதற்குத் தெற்கே காரங்காடு அலையாத்திக் காடு, இன்னும் கீழே மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம். காரைக்குடியிலிருந்து தொண்டிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், ராமேஸ்வரத்துக்கு ஏறக்குறைய 140.

இந்தத் தூரத்துக்குக் கயாக்கைக் கேரவன் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) கூரையில் ஏற்றிப் போவது, முறையாகச் செய்தால், நிம்மதியான வேலை. மூட்டை கட்டுகிற பழக்கத்தில் கட்டும்போதுதான் சிக்கல் வருகிறது. மூட்டை தன் எடையால் கீழே உட்காரும். கயாக்கோ உள்ளே வெறும் காற்றுள்ள, வயிறு வளைந்த கூடு. வண்டி ஓடும்போது காற்று அதை மேலே தூக்கப் பார்க்கும், நிறுத்தி வைத்தால் வெயில் அதை இளக்கப் பார்க்கும். கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டையும் சமாளிப்பதற்குத்தான்.

கூரையில்தான் ஏற்ற வேண்டுமா?

இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். காரங்காட்டில் வனத்துறை, உள்ளூர் மக்களோடு சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாவில் கயாக் அங்கேயே கிடைக்கிறது. அலையாத்தி ஓடைகளில் ஒரு காலைப்பொழுது சுற்றிவர மட்டும் ஆசை என்றால், சொந்தக் கயாக்கைச் சுமந்து போகத் தேவையே இல்லை. காற்றடைக்கும் கயாக் இன்னொரு வழி. 10 முதல் 17 கிலோ வரை இருக்கும், மடித்துப் பையில் போட்டால் வண்டிக்குள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஆனால் அது காற்றுக்கு எளிதில் அலைக்கழியும். சிப்பி ஒட்டிய பாறையில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கெட்டிக் கயாக்தான் வேண்டும் என்றால் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர் மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக் 3 மீட்டர் நீளத்தில் 20 முதல் 28 கிலோ. இருவருக்கானது 3.5 முதல் 4 மீட்டர், 30 முதல் 38 கிலோ. கடலில் நீண்ட தூரம் போகும் ஃபைபர் கயாக் 5 மீட்டரைத் தொட்டாலும் 25 கிலோ அளவில் நிற்கும். 16 அடிப் பிளாஸ்டிக் கனூ (மேல்பக்கம் முழுதும் திறந்த துடுப்புப் படகு) 30 கிலோவைத் தாண்டும். 35 கிலோவுக்கு மேற்பட்ட எதையும் கேரவன் கூரைக்கு ஏற்றாதீர்கள் என்பது என் தீர்மானமான கருத்து. காரின் கூரை நெஞ்சுக்கும் தலைக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கும். கேரவன் கூரை இரண்டரை மீட்டருக்கு மேலே. அந்த உயரத்தில் 38 கிலோ கை நழுவினால் கீழே நிற்பவருக்குத்தான் அடி.

கூரை எவ்வளவு தாங்கும்

நம் ஊர்ச் சாலைகளில் பார்க்கும் கேரவன்கள் இரண்டு வகை. டெம்போ டிராவலர், விங்கர் போன்ற வேனை வாங்கி உள்ளே மட்டும் கட்டில், அடுப்பு, தொட்டி வைத்தது ஒரு வகை. இதில் கம்பெனி போட்ட இரும்புக் கூரையும் அதன் விலா எலும்புச் சட்டங்களும் அப்படியே இருக்கும். சேஸிஸ் எனும் அடிச்சட்டத்தின் மேல் தனியாகப் பெட்டி கட்டியது இரண்டாம் வகை. இதன் கூரை பெரும்பாலும் நடுவில் ஃபோம், இருபுறமும் ஃபைபர் ஷீட். வெயிலுக்கு அருமையாக இருக்கும், ஆனால் ஷீட்டில் எங்கே வேண்டுமானாலும் திருகு முடுக்கிச் சுமை ஏற்ற முடியாது. உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம் எங்கெங்கே ஓடுகிறது என்று பாடி கட்டியவரிடம் வரைபடம் கேட்டு வாங்குங்கள். வரைபடம் கொடுக்க முடியாதவர் கட்டிய கூரையில் கயாக்கை ஏற்ற வேண்டாம்.

கூரைக்கு நிற்கும்போது தாங்கும் எடை ஒன்று, ஓடும்போது தாங்கும் எடை ஒன்று. பள்ளத்தில் விழுந்து எழும்போதும், வளைவில் சாயும்போதும், பிரேக் பிடிக்கும்போதும் அதே 25 கிலோ பலமடங்காக உதைக்கும் என்பதால் ஓடும்போதைய அளவு எப்போதும் குறைவு. கையேட்டில் அந்த அளவைத்தான் தேட வேண்டும். பிறகு கூட்டிப் பாருங்கள். 25 கிலோ கயாக் இரண்டு என்றால் 50. குறுக்குச் சட்டங்களும் தாங்கிகளும் 20 கிலோ வரை. ஏற்கெனவே கூரையில் இருக்கும் ஏசி பெரும்பாலும் 30 கிலோவுக்குக் குறையாது, அதோடு சோலார் பலகைகள். கணக்கு எளிதாக 100 கிலோவைத் தாண்டிவிடும். துடுப்பு, உயிர்காப்புச் சட்டை, இருக்கை எல்லாம் வண்டிக்குள் போகட்டும். கயாக்குக்குள் அவற்றைத் திணித்துக் கட்டுவது கூரைக்கு வீண் சுமை.

வண்டியின் மொத்த எடையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி நிரப்பி, டீசல் அடித்து, சாமான் ஏற்றி, கயாக்கும் கட்டியபின் ஏதாவது ஒரு எடை மேடையில் ஏற்றினால் ஐந்து நிமிட வேலை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடைக்குள் இருக்க வேண்டும்.

சட்டம் பற்றி இரண்டு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களிலிருந்து வண்டி மாறும்படியான மாற்றங்களைத் தடை செய்கிறது. நிரந்தரமாக வெல்டிங் செய்யும் எதற்கும் முன்பு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். போல்ட்டைக் கழற்றி இறக்கிவிடக்கூடிய சட்டம் என்றால் தலைவலி குறைவு. அடுத்தது, 2019 திருத்தத்தில் சேர்ந்த 194(1ஏ) பிரிவு. சுமை பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ அனுமதித்த அளவை மீறி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம், இறக்கும் செலவும் உங்களுடையது. இங்கேதான் கேரவனுக்கு ஒரு வசதி. சிறு காரில் மூன்றரை மீட்டர் கயாக் முன்னும் பின்னும் நீட்டும். ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட வேனில் முழுக் கயாக்கும் கூரை எல்லைக்குள் அடங்கிவிடும்.

உயரத்தை அளந்து கண்ணெதிரே ஒட்டுங்கள்

கயாக்கைக் கட்டியபின், அதன் மிக உயரமான இடத்தின் மேல் ஒரு நேரான ரீப்பர் கட்டையைக் குறுக்கே வைத்து, அதன் முனையிலிருந்து தரைக்கு டேப் பிடியுங்கள். தொட்டி காலியாக, டயரில் காற்று முழுதாக இருக்கும்போது அளக்க வேண்டும். சுமை இறங்கிய வண்டி சில சென்டிமீட்டர் மேலே எழும்பி நிற்கும். அந்த அளவோடு 10 சென்டிமீட்டர் கூட்டி, பெரிய எழுத்தில் எழுதி, ஓட்டுநர் கண்ணில் படும்படி ஸ்டீயரிங்குக்கு மேலே ஒட்டுங்கள்.

ஏன் 10? ரயில்வே சுரங்கப்பாதைகளில் எழுதியிருக்கும் உயரம் எழுதிய நாளின் உயரம். அதன்பின் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்திருக்கலாம். சுரங்கப்பாதையைவிட எனக்குக் கவலை தருவது ஊர்த் தெருக்கள்தான். ஊர் நுழைவு வளைவுகள், பங்களா ஓட்டல்களின் வாயில் வளைவுகள், தாழ்ந்து தொங்கும் கேபிள் டிவி வயர், திருவிழா நாளில் தெருவுக்குக் குறுக்கே கட்டும் சீரியல் விளக்குத் தோரணம், பந்தல் கால். கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களில் தெரு நல்ல அகலம், வண்டி தாராளமாகத் திரும்பும். அகலத்தைப் பார்த்து மேலே பார்க்க மறக்கக் கூடாது. மின்கம்பி தாழ்வாகத் தெரிந்தால் இறங்கிப் பாருங்கள், கம்பு வைத்துத் தூக்கிவிட்டுப் போகும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். சாலையோரப் புளியமரக் கிளைகளும் இதில் சேர்த்தி. லாரி உரசி உரசி ஒரு உயரத்துக்கு வெட்டுப்பட்டிருக்கும், ஆனால் எதிர்வண்டிக்கு ஒதுங்கி ஓரமாகப் போகும்போது அந்தக் கணக்கு பொருந்தாது.

குறுக்குச் சட்டம்

கூரையில் ஏற்கெனவே டாப் கேரியரும் பின்னால் ஏணியும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதன் கால்கள் எதில் நிற்கின்றன என்று மட்டும் பாருங்கள். கூரை விளிம்பில் ஓடும் மழைநீர்க் காடியைப் பிடித்து நிற்கும் கால்கள் நல்லது. வெறும் தகட்டின் நடுவில் நிற்கும் கால்கள் தகட்டை அமுக்கும்.

புதிதாகச் செய்வதென்றால் 40-க்கு 40 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரக் குழாய் போதும். மீட்டருக்கு இரண்டரை கிலோவுக்குள் வரும், எந்த வெல்டிங் பட்டறையிலும் கிடைக்கும். வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள், அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது. வைத்தபின் அதே இடத்துக்கு ஜிங்க் பெயின்ட் அவசியம். குழாயின் இரு முனைகளையும் மூடிவிடுங்கள். திறந்திருந்தால் 50 கிலோமீட்டர் வேகத்திலேயே விசிலடிக்கத் தொடங்கும்.

இரண்டு சட்டங்களுக்கு நடுவே இடைவெளி, கயாக் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. பாதி இருந்தால் இன்னும் நல்லது. சட்டங்கள் நெருங்கி இருந்தால் முன்மூக்கு ஆடும், அந்த ஆட்டம்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டையைத் தளர்த்தும்.

கூரையில் ஓட்டை போடாமல் முடிந்தால் அதுவே நல்லது. எங்கள் பட்டறைக்காரர், டிரில்லை எடுக்கும் முன் இப்படித்தான் நிறுத்தினார்: "ஓட்டையப் போட்டுரலாம் தம்பி, அஞ்சு நிமிசம். ஐப்பசி மழைக்கு உங்க கட்டில் நனைஞ்சா எங்கிட்ட வரக்கூடாது." வேறு வழியே இல்லாமல் போட்டால், உள்பக்கம் அகலமான இரும்புப் பட்டை வைத்துச் சுமையைப் பரத்துங்கள், வெளியே பாலியூரிதேன் சீலன்ட் நிறைய வைத்து முடுக்குங்கள். பாத்ரூமுக்குப் போடும் சாதாரண சிலிக்கான் கூரைக்கு நிற்காது. அதிர்வில் விட்டுப்போகும்.

போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ். கடற்கரைக்குப் போய்வரும் வண்டிக்கு இதில் சிக்கனம் கூடாது. அரிமானத்தைப் பற்றி ஆராயும் சிக்ரி ஆய்வகம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. உப்புக்காற்றில் உலோகங்களைச் சோதிக்க அவர்கள் மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்தக் காற்று எப்படிப்பட்டது என்று யோசித்துக்கொள்ளுங்கள். அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நேரடியாக உட்கார்ந்தால், உப்பு ஈரம் சேரும்போது அலுமினியம் அரிக்கும். நடுவே நைலான் வாஷர் போட்டால் தீர்ந்தது.

எங்கே, எப்படிப் படுக்க வைப்பது

மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக்கைக் கவிழ்த்து வையுங்கள். அதன் மேல்விளிம்பு உறுதியானது, அடிவயிறு நசுங்காது, மழை பெய்தால் தண்ணீர் தேங்காது. உள்ளே கால் நீட்டி உட்காரும் கயாக்குக்கு ஜே வடிவத் தாங்கி வாங்கிப் பக்கவாட்டில் சாய்த்து வைப்பது சரி. பக்க நிமிர்வில் பிளாஸ்டிக் விறைப்பாக நிற்கும், இரண்டு கயாக்கும் ஒரே கூரையில் அடங்கும். ஆனால் உயரம் கூடும். கனூ எப்போதும் கவிழ்ந்தேதான், அதன் இரு விளிம்பும் சட்டத்தில் நேராகப் படிய வேண்டும்.

சட்டத்துக்கு மெத்தை தேவை. ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்குப் போடும் கறுப்பு ஃபோம் உறை விலை குறைவு, வெயிலையும் ஓரளவு தாங்கும். அதன்மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் வழுக்காது.

சோலார் பலகை உள்ளவர்கள் நிழலைக் கவனிக்க வேண்டும். பலகையின் ஒரு மூலையில் விழும் நிழல்கூட மின்சாரத்தைப் பெரிதாகக் குறைத்துவிடும், ஏனென்றால் உள்ளே செல்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. கயாக்கை ஒரு பக்கமும் பலகையை மறுபக்கமும் வைத்து, நிறுத்தும்போது கயாக் இருக்கும் பக்கத்தைச் சூரியனுக்கு எதிர்த்திசையில் வைப்பது வழக்கம். நம் பகுதியில் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏறக்குறைய சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி முற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் கயாக் தெற்குப் பக்கம் இருக்க வேண்டும், மற்ற மாதங்களில் வடக்கே. கூரை ஜன்னல் மூடி திறக்க இடம் இருக்கிறதா, ஏசி காற்று இழுக்கும் வாய் அடைபடவில்லையா என்பதையும் கயாக்கை வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஏற்றுவது

இந்த வேலையில் ஆபத்து கயாக் விழுவதைவிட ஆள் விழுவதில்தான் அதிகம். கூரையில் ஏறி நின்று கயாக்கை மேலே இழுக்காதீர்கள். பனியில் நனைந்த ஃபைபர் ஷீட் எண்ணெய் தேய்த்த மாதிரி வழுக்கும். ஏணியில் நின்று வழிகாட்டலாம், தூக்கும் பலம் தரையில் நிற்பவர்களிடமிருந்து வர வேண்டும்.

பின்பக்கம் ஏணியும் கேரியரும் இருக்கும் வண்டியில் பின்னாலிருந்து தள்ளி ஏற்றுவது சுலபம். கேரியரின் கடைசிக் குழாய் வட்டக் குழாயாக இருந்தால், அதைவிடச் சற்றுப் பெரிய பி.வி.சி. குழாயை அதன்மேல் மாட்டினால் உருளை ஆகிவிடும். பின் கண்ணாடி மேல் பழைய ஜமுக்காளத்தை மடித்துத் தொங்கவிடுங்கள். இருவர் சேர்ந்து மூக்கைத் தூக்கி உருளையில் வைத்து, ஒருவர் வாலைப் பிடித்து நடந்தபடியே தள்ள, மற்றவர் ஏணியில் இரண்டு படி ஏறி மூக்கு திசைமாறாமல் பிடித்தால் போதும்.

பக்கவாட்டில் ஏற்ற வேண்டியிருந்தால், லாரியில் மரத்தடி உருட்டி ஏற்றும் முறையைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். இரண்டு சவுக்குக் கம்புகளைச் சாய்வாகக் கூரைச் சட்டத்தில் சாத்தி, அடியில் கல் அணைத்து, மேலே ஃபோம் சுற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நீளக் கயிறு எடுத்து, ஒவ்வொன்றின் ஒரு முனையைக் கயாக் இருக்கும் பக்கத்துச் சட்டத்தில் கட்டுங்கள். மறுமுனையைக் கீழே இறக்கி, வண்டிக்கு இணையாகக் கிடக்கும் கயாக்கின் அடியில் கொடுத்து வெளிப்புறமாக மேலே சுற்றி, கூரையைத் தாண்டி அந்தப் பக்கம் தரையில் நிற்பவர்களிடம் போடுங்கள். அவர்கள் இருவரும் ஒரே சீராக இழுத்தால் கயாக் தன்னைத்தானே உருட்டிக்கொண்டு கம்பு மேல் ஏறும். கயிற்றின் ஒரு முனையைச் சட்டமே பிடித்திருப்பதால் கைக்கு வருவது பாதிச் சுமைதான், அதிலும் ஒரு பங்கைச் சாய்வு வாங்கிக்கொள்ளும். 25 கிலோ கயாக்குக்கு ஒவ்வொருவரும் ஆறு கிலோவுக்கு மேல் இழுக்கத் தேவையில்லை. இரண்டு கயிறும் ஒரே வேகத்தில் வர வேண்டும், ஒன்று முந்தினால் கயாக் கோணிக்கொள்ளும். ஒருவர் கயாக் பக்கம் நின்று "இழு", "நிறுத்து" என்று குரல் கொடுக்கட்டும், ஆனால் கம்புகளுக்கு நடுவே, கயாக்குக்கு நேர் கீழே நிற்கக் கூடாது.

தனியாளாகப் போகிறவர்களுக்குத் தூலே போன்ற கம்பெனிகளின் தூக்கி உதவும் தாங்கிகள் உண்டு. அவை கார் உயரத்துக்குச் செய்தவை. கேரவனில் அவை கீழே இறங்கும் உயரம் உங்கள் கைக்கு எட்டுகிறதா என்று கடையிலேயே அளந்து பார்த்து வாங்குங்கள்.

கட்டுவது

கயிறு வேண்டாம், பட்டை வேண்டும். 25 மில்லிமீட்டர் அகலப் பாலியெஸ்டர் பட்டை, அழுத்திப் பிடிக்கும் கேம் பக்கிள் உள்ளது. நைலான் நனைந்தால் நீளும், பாலிப்ரொப்பிலீன் வெயிலில் சீக்கிரம் பொடிந்துபோகும். லாரியில் இயந்திரம் கட்டும் ராட்செட் பட்டையை நம்பிக்கையோடு எடுத்து வருபவர்கள் உண்டு. அதன் பிடி நான்கு இழுப்பில் பிளாஸ்டிக் வயிற்றை நசுக்கிவிடும், ஃபைபரைக் கீறிவிடும். டூவீலர் கேரியரில் மாட்டும் கொக்கி ரப்பர் இந்த வேலைக்கு எந்த வகையிலும் ஆகாது. அது நீளக்கூடியது, காற்று தூக்கும்போது அதுவும் சேர்ந்து நீளும்.

பட்டை போடும் விதம் இது. பக்கிள் உங்கள் பக்கம், சட்டத்துக்குச் சற்று மேலே, கயாக்கை ஒட்டி இருக்கட்டும். நீள்முனையைக் கயாக் மேலே அந்தப் பக்கம் போடுங்கள். அங்கே போய், சட்டத்துக்கு அடியில் கொடுத்து எடுத்து, மறுபடி கயாக் மேலே உங்கள் பக்கம் போடுங்கள். இங்கே வந்து சட்டத்துக்கு அடியில் கொடுத்து மேலே எடுத்துப் பக்கிளில் நுழையுங்கள். இப்போது கயாக் மேல் இரண்டு பட்டை ஓடும், இரு பக்கமும் சட்டத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும். அந்தச் சுற்று கயாக்கின் விலாவை ஒட்டியே இருக்க வேண்டும். சட்டத்தின் கடைசி முனையில் சுற்றினால் பட்டை உள்ளே நகர்ந்து தளர்ந்துவிடும். நகராமலிருக்க அந்த இடத்தில் சட்டத்தில் ஒரு சின்ன வளையம் வெல்டிங் செய்துகொள்வது நல்லது.

கையால் எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கம் போதும். காலை உதைத்துத் தொங்கி இழுக்க வேண்டாம். கயாக் மேல் நீளமாக ஓடும் பட்டையில் ஒரு முறுக்கு விடுங்கள். தட்டையாக விட்டால் ஓட்டத்தில் 'ர்ர்ர்' என்று அதிர்ந்து மண்டை காயும், பட்டையும் ஓரத்தில் பிய்யும். மீதி வாலைக் கட்டுப் பட்டையிலேயே இரண்டு முடிச்சுப் போட்டு அடக்குங்கள்.

இதே போல இரண்டாவது சட்டத்தில். பிறகு மூக்கைப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். கயாக் தனியாக ஆடினால் கட்டு சரியில்லை. வண்டியே சேர்ந்து ஆட வேண்டும்.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நடுப்பட்டை இரண்டும் கயாக்கைக் கீழே பிடிக்கும், முன்பின்னாக நழுவுவதை அவ்வளவாகத் தடுக்காது. ஆட்டுமந்தை குறுக்கே வந்து பிரேக் அடித்தால் 25 கிலோ கயாக் ஏறக்குறைய 20 கிலோ விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். அதற்குத்தான் மூக்குக் கயிறும் வால் கயிறும். கயாக்கின் முன் கைப்பிடியிலிருந்து 'வி' வடிவில் இரண்டு கயிறு கேரியரின் முன் மூலைகளுக்கு, பின்னாலும் அப்படியே. கூரை நீளமாக இருப்பதால் பம்பர் வரை இறக்கத் தேவையில்லை. பிடிப்பான கட்டுக்கு நம் லாரிக்காரர்கள் போடும் இழுகட்டே சிறந்தது: நடுக்கயிற்றில் ஒரு கண் போட்டு, முனையைச் சட்டத்தில் சுற்றி அந்தக் கண்ணில் கொடுத்து இழுத்து, இரண்டு சொருகு முடிச்சு. விறைப்பாக நின்றால் போதும். மூக்கு கீழே வளையும் வரை இழுத்தால் கயாக்கின் முதுகு வளைந்துவிடும்.

ஓட்டுவது

முதல் 10, 15 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்துங்கள். தேவகோட்டை ரஸ்தா தாண்டியதும் ஒரு டீக்கடையோரம் வசதி. ஃபோம் அமுங்கி, பட்டை ஓர் அங்குலமாவது தளர்ந்திருக்கும். அதை மறுபடி இழுத்துவிட்டால் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கை வைத்துப் பார்த்தாலே போதும்.

வேகம் 70, அதிகபட்சம் 80. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-லிருந்து 90-க்குப் போனால் கயாக்கைத் தூக்கும் விசை இரண்டேகால் மடங்கு. எதிர்க்காற்று 30 அடிக்கும்போது நீங்கள் 80-ல் போனால், கயாக்குக்கு அது 110. எதிரே வேகமாக வரும் பேருந்து ஒவ்வொன்றும் ஓர் அறை அறைந்துவிட்டுப் போகும். அந்த நேரத்தில் கூரையில் 'டக்' என்று புதுச் சத்தம் கேட்டால் பொறுக்காமல் ஓரம் கட்டிப் பாருங்கள்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை ராமநாதபுரம் பக்கம் ஓட்டியவர்கள் சொல்லாமலே ஒப்புக்கொள்வார்கள். தேவகோட்டையிலிருந்து ராமநாதபுரம் இறங்கும்போது தென்மேற்குக் காற்று வண்டியின் வலப்பக்கத்தில் அறையும். மறைக்க மரமில்லாத வெட்டவெளியில் கேரவனே ஒரு பாய்மரம், அதன் தலையில் கயாக் வேறு. 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் இன்னும் கவனம் வேண்டும். பக்கத்திலுள்ள பழைய ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடும் ஏற்பாடே இருந்தது. ரயிலுக்கே அந்தக் கதி என்றால், கூரையில் கயாக் கட்டிய வேன் 40-க்கு மேல் போகத் தேவையில்லை. காற்று உரக்க வீசினால் மண்டபத்திலேயே நிறுத்தி, தணிந்தபின் ஏறலாம்.

வெயில்

நம் ஊரில் கயாக்கைக் கெடுப்பது பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும் நேரம்தான். சித்திரை நண்பகலில் நிழலிலேயே வெப்பம் 40-ஐத் தொடும்போது, கறுப்பு அல்லது அடர்நிறப் பிளாஸ்டிக் கயாக்கின் பாலிஎத்திலீன் தோல் தொட முடியாத அளவு சுடும், இளகும். அந்த நிலையில் இறுக்கிய பட்டையும் குறுகிய சட்டமும் அடியில் குழி போடும். குழி விழுந்த அடிவயிறு தண்ணீரில் நேராக ஓடாது.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் நிறுத்தினாலும் நடுப்பட்டைகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தளர்த்திய கையோடு ஒரு துண்டை எடுத்து ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். இறுக்காமல் வண்டியை எடுக்க முடியாதபடி அது நினைவூட்டும். இரவு தங்கும் இடத்தில், மறுநாளும் அங்கேதான் என்றால், கயாக்கை இறக்கி நிழலில் பக்கவாட்டில் சாய்த்து வைப்பது உத்தமம். வெள்ளை வேட்டி போர்த்தினாலும் நல்ல பலன் உண்டு, ஓட்டத்தில் மட்டும் அதை எடுத்துவிடுங்கள். தார்ப்பாய் போர்த்தி ஓட்டினால் காற்று புகுந்து படபடத்துக் கட்டையே அவிழ்க்கும்.

குழி விழுந்தே விட்டதா? பதற வேண்டாம். பட்டையை முழுதும் அவிழ்த்து, குழி மேலே பார்க்கும்படி வெயிலில் ஒரு மதியம் போடுங்கள். பெரும்பாலும் தானே எழும்பிவிடும், இல்லையென்றால் சூடாக இருக்கும்போதே உள்ளிருந்து கையால் தள்ளுங்கள். ஃபைபர் கயாக்கில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஒரே புள்ளியில் அழுத்தம் விழுந்தால் விரிசல் விடும், அது தானாக ஆறாது.

இறக்கும் இடம்

பாக் விரிகுடா ஆழம் குறைந்த, பொதுவாக அமைதியான கடல். ஆனால் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அந்தப் பக்கம் கொந்தளிக்கும். அப்போது மன்னார் வளைகுடாப் பக்கம் தணிந்திருக்கும், தென்மேற்குப் பருவத்தில் இது தலைகீழ். மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 2022-ல் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் இருக்கிறது. மணமேல்குடி, கட்டுமாவடி பக்கம் போகிறவர்கள் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். எங்கே இறங்கினாலும் மீனவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். துறையில் கேரவன் நிறுத்த இடம் கிடைப்பதே கடினம்.

உள்ளூரில் பழக ஆசைப்படுகிறவர்கள் கண்மாய்க்கு ஊராரிடமும் குத்தகைக்காரரிடமும் கேட்டுவிட்டு இறக்கலாம். திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் மட்டும் வேண்டாம். அவை பறவைகள் சரணாலயம், பறவைகள் கலையாமலிருக்கத் தீபாவளிக்குக்கூட வெடி போடாமல் இருக்கும் ஊர்கள் அவை.

திரும்பியபின்

கிளம்பும் முன் கடற்கரையிலேயே இரண்டு குடம் நல்ல தண்ணீரை ஒதுக்கி வையுங்கள். கயாக்கின் வடிகால் துளைகள், பக்கிளின் ஸ்பிரிங், பட்டை, போல்ட் தலைகள் இந்த வரிசையில் கழுவுங்கள். மணல் புகுந்த பக்கிள் பிடிப்பதுபோல் தோன்றி நழுவும், கழுவியபின் 'கிளிக்' என்று சுத்தமாக மூடுகிறதா என்று பாருங்கள். வடிகால் மூடியைத் திறந்து உள்ளே சேர்ந்த தண்ணீரை முழுதும் வடித்தபிறகே ஏற்றுங்கள். ஐந்து லிட்டர் தேங்கினால் ஐந்து கிலோ கூடுதல், அதுவும் வளைவுக்கு வளைவு ஓடித் திரியும் எடை.

வீட்டுக்கு வந்ததும் பட்டைகளை நிழலில் உலர்த்திச் சுருட்டி வையுங்கள். வெளுத்துச் சொரசொரப்பான பட்டையைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். சட்டத்தின் போல்ட்டுகளை முடுக்கியபின் நட்டுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த பயணத்துக்கு முன் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தே எது தளர்ந்தது என்று சொல்லிவிடலாம். கேரியர் கால்களைச் சுற்றிய சீலன்ட் ஐப்பசி தொடங்கும் முன் ஒருமுறை பார்வைக்கு வர வேண்டும். விரிசல் தெரிந்தால் பழையதை முழுதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், மேலே மேலே பூசினால் உள்ளே ஈரம் தங்கும். கயாக் ஏற்றாத மாதங்களில் சட்டத்தையும் கழற்றி இறக்கிவிடுங்கள், டீசலும் மிச்சமாகும்.